காளிக்கு வந்த பார்சல்

துப்பாக்கிக் கடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க அண்ணாச்சி?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நகைக்கடைக் குமாஸ்தா என்ன, கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டா அலைகிறான்? நான் ரிஜிஸ்டர் எழுதினேன், எண்ணெய் போட்டுத் துடைத்தேன், பூட்டினேன், திறந்தேன். தீபாவளிக்கு வெடி போடுகிற தெருப் பக்கம்கூடப் போகாதவன் நான். இருந்தும் தூத்துக்குடியில் பாதிப் பேர் என்னைத் 'துப்பாக்கி செல்லத்துரை' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் கடையிலிருந்து போன் வந்தது. பழைய முதலாளியின் மருமகள்தான் இப்போது கடையை நடத்துகிறார். "அண்ணாச்சி, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. ஆனா வெளியூர்லருந்து கஸ்டமர் பேருக்கு வார துப்பாக்கியை எப்படி வாங்கணும், எப்படி ஒப்படைக்கணும்னு யாரும் எழுதி வைக்கலை. ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன். நேத்து ஒருத்தர் தாடி வளத்துட்டு வந்து நின்னாரு. முகம் போட்டோவோட ஒத்துப் போகலேன்னா என்ன செய்யணும்னும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த இரண்டு பக்கத்தில் எழுத முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொழில் இதுதான். இங்கே உள்ள ஒருவர் லைசன்ஸ் வாங்குகிறார். அவருக்குப் பிடித்த துப்பாக்கி வடக்கே ஏதோ ஓர் ஊர்க் கடையில் இருக்கிறது. மிக்சி வாங்குகிற மாதிரி அதை வீட்டுக்கு அனுப்பச் சொல்ல முடியாது. அந்தக் கடை உரிய பேப்பர்களோடு எங்கள் கடைக்கு அனுப்பும். நாங்கள் பிரித்து, நம்பர் பார்த்து, பெட்டகத்தில் வைத்து, லைசன்ஸ்காரர் நேரில் வந்ததும் அவர்தானா என்று சரிபார்த்து, லைசன்ஸ் புத்தகத்தில் துப்பாக்கி விவரத்தை ஏற்றி ஒப்படைக்க வேண்டும். மனைவி வந்தாலும் கிடையாது, மகன் வந்தாலும் கிடையாது. லைசன்ஸில் ஒரு காலக்கெடு உண்டு. அதற்குள் துப்பாக்கி புத்தகத்தில் ஏறவில்லை என்றால் லைசன்ஸே போச்சு.

வேலை பழகிய முதல் மூன்று வருஷத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: துடைத்தேன். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. ஆணி துருப்பிடிக்கும், கேட் துருப்பிடிக்கும், துப்பாக்கி மட்டும் என்ன பாவம் செய்தது, அதுவும் துருப்பிடிக்கும்.

துடைத்து முடித்ததும் என்னை மானேஜர் பர்னாந்து சாரிடம் சேர்த்தார்கள். ஒல்லியான ஆள், முழுக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஜெபமாலை, இன்னொரு பையில் பூதக் கண்ணாடி. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. திட்டுவதையும் விலாசம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்வார்.

அவர் பார்சல் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். மேஜைமேல் கம்பளி விரிப்பார். பெட்டியின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு சாசரில் போட்டு எண்ணுவார். உள்ளே இருப்பதைத் தொடுவதற்கு முன்னால், எத்தனையாவது தடவையானாலும், "ஏலே, உள்ள தோட்டா இருக்குன்னே நெனச்சுக்கோ" என்பார். குழல் சுவரைப் பார்த்தே இருக்கும். துப்பாக்கியை மடக்கித் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழலுக்குள் பார்ப்பார். பிறகு நம்பர். அவர் படிக்க வேண்டும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன்பின் அதே நம்பரைக் கடைசியிலிருந்து முதல் வரைக்கும் பின்னோக்கிப் படிப்பார். "முன்னால இருந்து படிச்சா நெனப்பு படிச்சிரும். பின்னால இருந்து படிச்சாத்தான் கண்ணு படிக்கும்" என்பது அவர் கணக்கு. இத்தனையும் ஒரு துப்பாக்கிக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இந்த மனிதரிடம் ஒரு முறை வேம்பார் உப்பளக்காரர் ராஜமணி அண்ணாச்சியின் பார்சல் வந்தது. ரிப்பேருக்காக எங்கள் வழியாக வெளியூர் போக வேண்டிய துப்பாக்கி. லாரியில் வருகிற வழியில் யாரும் தொடக் கூடாது என்று அண்ணாச்சி அதைக் கருவாட்டுப் பெட்டியில், கருவாட்டோடு சேர்த்தே அனுப்பியிருந்தார். லாரி ஆபீஸிலிருந்து கடை வரைக்கும் நாலு நாய் பின்னாலேயே வந்தது. பர்னாந்து சார் மூக்கைப் பொத்தவில்லை. ஆணியை எண்ணினார், கருவாட்டை எடுத்துத் தனியே வைத்தார், நம்பரை முன்னும் பின்னும் படித்தார். பிறகு அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "துப்பாக்கி ஒண்ணு, நெத்திலி ரெண்டு கிலோ. ரெண்டாவது ஐட்டத்துக்குப் பேப்பர் வரலை. நேர்ல வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அடுத்தது நான் செய்த பிழை. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

குலசேகரன்பட்டினம் தசரா வந்தால் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டி வேஷம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். ராஜா, குறவன், குரங்கு, கரடி, போலீஸ், காளி என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது. வேஷக்காரர்கள் கூட்டத்துக்குச் செட்டு என்று பெயர்.

அப்படி ஒரு தசராவில், பர்னாந்து சார் சாப்பிடப் போன நேரம், ஒரு இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஸ்டாக் ரிஜிஸ்டரை எடு" என்றார். ரிஜிஸ்டரைக் கொடுத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன். எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இரண்டு இடத்தில் "ம்" என்றார். எல்லாம் முடிந்ததும் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டி, "அம்மாவுக்குக் காணிக்கை போடுங்க அண்ணாச்சி" என்றார்.

பர்னாந்து சார் திரும்பி வந்து கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கால்ல என்ன போட்டிருந்தான்?"

"ரப்பர் செருப்பு சார்."

"எந்த இன்ஸ்பெக்டர்லே ரப்பர் செருப்புப் போட்டுட்டு ஆய்வுக்கு வாரான்? மொதல்ல காலைப் பாக்கணும்லே."

அந்தப் பாடத்தை நான் ஒழுங்காகப் படித்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து இன்னொரு இன்ஸ்பெக்டர் வந்தார். முதல் வேலையாகக் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. சிரித்துக்கொண்டே அவர் உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய்க் காசை வைத்து, "எந்த ஊரு செட்டு?" என்றேன். பாவம், அவர் நிஜ இன்ஸ்பெக்டர். குதிகாலில் ஆணி, பூட்ஸ் போட முடியவில்லை. அந்தக் காசை மேஜைமேல் வைத்துவிட்டு என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பர்னாந்து சார் எழுத்து மூலம் விளக்கம் கொடுத்து என் வேலையைக் காப்பாற்றினார். 'எங்கள் குமாஸ்தாவின் மிதமிஞ்சிய பக்தி காரணமாக' என்று அதில் ஒரு வரி இருந்தது. மறுநாள் சுவரில் அவர் கையெழுத்திலேயே ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'தசரா நாட்களில் வேஷத்தில் வருபவர் எவருக்கும் எந்த ஆயுதமும் காட்டப்பட மாட்டாது, ஒப்படைக்கப்பட மாட்டாது.' ஒட்டியது நான்தான், பசை காய்ச்சியதும் நான்தான்.

அதற்கு மறு வருஷம்தான் சுடலைமுத்து வந்தார்.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சாத்தான்குளம் பக்கம் ஊர். ஒரு பேங்கில் காவல் வேலை பேசி வைத்திருந்தார். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் அந்த வேலை. லைசன்ஸுக்கு இரண்டு வருஷம் அலைந்து வாங்கி, வெளியூரில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கிக்குச் சொல்லி வைத்தார். பார்சல் வந்தபாடில்லை. லைசன்ஸ் காலக்கெடுவை ஒரு தடவை நீட்டிக் கொடுத்தார்கள், இனி முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். வாரம் ஒரு நாள் கடைக்கு வருவார். வாசல்படியில் குதிகால் இரண்டையும் சேர்த்து 'டக்' என்று நிமிர்ந்து நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார். "வந்திருச்சா சார்?" என்பார். "இல்லை" என்றால் திரும்பி நடந்துவிடுவார். மூத்த மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இளையவள் பன்னிரண்டாம் வகுப்பு. "பென்ஷன் அரிசிக்குச் சரியாப் போவுது சார். இந்த வேலை இல்லேன்னா மூத்தவளை நிறுத்தணும்" என்று ஒரு நாள் சொன்னார். அதற்குமேல் அவர் எதையும் சொல்லிப் புலம்பியதில்லை.

பார்சல் வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில். லைசன்ஸ் காலக்கெடுவுக்கு அதுதான் கடைசி நாள். மறுநாள் முதல் லீவு. திங்கட்கிழமை அவர் துப்பாக்கியோடு பேங்கில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். நான் அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி பேச்சியம்மாள் எடுத்தார். "அம்மாகிட்டச் சொல்லுதேன் சார்" என்றார். எந்த அம்மா என்று நானும் கேட்கவில்லை.

மூன்று மணி இருக்கும். வேம்பார் ராஜமணி அண்ணாச்சி தன் லைசன்ஸ் புதுப்பிப்பு விஷயமாக வந்து உட்கார்ந்திருந்தார். வெளியே மேளச் சத்தம் கேட்டது. கடை வாசலில் காளி வந்து நின்றாள். தலைக்கு மேல் கிரீடம், இடுப்பு வரைக்கும் முடி, வாயில் தகர நாக்கு, உச்சி முதல் உள்ளங்கால் வரை நீலச் சாயம். நிஜக் கை இரண்டு, பலகைக் கை ஆறு, எட்டிலும் ஆயுதம். பலகைக் கைகள் நிலையில் இடித்ததால் பக்கவாட்டில் நுழைந்தாள். நுழைவதற்கு முன் வாசல்படியில் குதிகால்களைச் சேர்த்து 'டக்' என்று நிமிர்ந்து நின்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. சுடலைமுத்து.

நாக்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "வந்திருச்சா சார்?" என்றார்.

பர்னாந்து சார் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். நானும் சுவரைப் பார்த்தேன். காளியும் பார்த்தாள்.

"முகத்தைக் கழுவிட்டு வாங்க சுடலைமுத்து. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்" என்றார் சார்.

"முடியாது சார். லைசன்ஸ் கிடைச்சா காளி வேஷம் கட்டி, சூரசம்ஹாரம் முடியுத வரைக்கும் சாயத்தை அழிக்காம நிக்கேன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன். அவ குடுத்துட்டா. நான் எப்படிப் பேச்சு மாற முடியும்?"

எப்படி இருக்கிறது பாருங்கள். லைசன்ஸ் கிடைத்ததற்காகப் போட்ட வேஷம், அந்த வேஷத்தாலேயே லைசன்ஸ் போகப் போகிறது. அவர் யார் என்று கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், ரூலுக்கு மட்டும் தெரியாது. அந்த ரூல் பிறந்ததே என்னால். ஒரு ரப்பர் செருப்பை நம்பி நான் செய்த கூத்துக்கு ஒரு பெண்ணின் படிப்பு நிற்கப் போகிறது. சுவரிலிருந்து அந்தக் காகிதத்தைக் கிழித்துத் தின்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பர்னாந்து சார் லைசன்ஸ் புத்தகத்தை வாங்கிப் போட்டோவைப் பார்த்தார், காளியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். போட்டோவில் மீசை வைத்த ஒரு மனிதர் இருந்தார்.

"இவர் யாருன்னு சொல்லும்மா" என்று காளியோடு கூட வந்திருந்த பேச்சியம்மாளைக் கேட்டார்.

"அம்மன்" என்றார் பேச்சியம்மாள்.

"அது சரி. உன் வீட்டுக்காரர்தானே?"

"ஐயோ, அப்படிச் சொல்லப்பிடாது சார். காப்புக் கட்டின நாள்லருந்து நானே காலையில கால்ல விழுந்துதான் எந்திரிக்கேன்."

"ஒரு சாட்சிக்கு மட்டும் சொல்லு. பேப்பர்ல எழுதமாட்டேன்."

"பேப்பர்ல எழுதலேன்னாலும் அவ காதுல விழுமே சார்." சொல்லும்போதே பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் பாவம் என்னதான் செய்வார். சொன்னால் நேர்ச்சை கெட்டுப் போகும், சொல்லாவிட்டால் வேலை கெட்டுப் போகும்.

இந்த லட்சணத்தில் ராஜமணி அண்ணாச்சி எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காளி முன்னால் வந்து நின்றார். "தாயே, லைசன்ஸ் புதுப்பிக்கக் குடுத்து நாலு மாசம் ஆச்சு. எப்ப வரும்னு ஒரு வாக்குச் சொல்லு."

"ஆபீஸ்ல போயிக் கேளும்" என்றாள் காளி, பட்டாளத்துக் குரலில். அண்ணாச்சி அதையும் வாக்காக எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மணி நாலு. பர்னாந்து சார் லைசன்ஸ் புத்தகத்தை மறுபடி விரித்தார். "செல்லத்துரை, அங்க அடையாளம் என்ன போட்டிருக்கு? சத்தமாப் படி."

"வலது முழங்காலுக்குக் கீழ் நீளமான தழும்பு."

"தழும்பு மேடா இருக்கும். சாயத்துக்கு மேலயும் தெரியும்" என்றார். பையிலிருந்து பூதக் கண்ணாடியை எடுத்தார். மேஜையைச் சுற்றி வந்தார். பேச்சியம்மாள் சிவப்புச் சேலையை முழங்கால் வரைக்கும் விலக்கிப் பிடித்தார். மாதா கோயிலில் நற்கருணை வாங்கும்போது தவிர எங்கேயும் முழங்கால் போடாத பர்னாந்து சார், கடைத் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றிக் காளியின் காலடியில் குனிந்தார்.

வாசலில் எட்டிப் பார்த்த செட்டுக்காரர்கள் கண்டது இவ்வளவுதான்: துப்பாக்கிக் கடை பர்னாந்து காளி காலில் விழுந்துகிடக்கிறார். அவ்வளவுதான், மேளம் பிய்த்து உதறியது. பஜார் கூடிவிட்டது. எதிர்த்த மருந்துக் கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்தார். யாரோ ஒருவர் சார் நெற்றியில் குங்குமமே வைத்துவிட்டார். சார் அசையவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இருக்கு" என்றார், குனிந்தபடியே. "ரிஜிஸ்டர்ல எழுது. அங்க அடையாளம் சரிபார்க்கப்பட்டது."

நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு நீலச் சாயம்தான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

உண்மையாகவே அவரால் எழுந்திருக்க முடியவில்லை. காளிதான் நிஜக் கைகளால் அவரைத் தூக்கி நிறுத்தினாள். எழுந்ததும் நேரே சுவருக்குப் போய், அறிவிப்பில் 'எவருக்கும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 'அங்க அடையாளம் ஒத்திருந்தாலன்றி' என்று பேனாவால் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு வழக்கம்போல நம்பரை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை படித்தார். ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை. சுடலைமுத்து கையெழுத்துப் போடும்போது சூலத்தை நான் பிடித்துக்கொண்டேன். அதற்கு லைசன்ஸ் தேவையில்லை. ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு மேல் நீல விரல் அடையாளம் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. ஐந்து மணிக்குக் காளி துப்பாக்கிப் பெட்டியோடு பக்கவாட்டில் வெளியே போனாள். பஜாரே கும்பிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் பர்னாந்து சாரைக் கூப்பிட்டு விசாரித்ததாகக் கேள்வி. என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவை, "சார், அந்தத் தழும்பு" என்று ஆரம்பித்தேன். "ஏலே, அந்த ரிஜிஸ்டரை மூடு" என்றார். அதோடு சரி. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.

தாடிக்காரர் விஷயமாகப் போன் வந்ததற்கு மறுநாள் நான் பேங்குக்குப் போனேன். வாசலில் சுடலைமுத்து நின்றார். மீசை முழுக்க வெள்ளை. அதே இரட்டைக்குழல் துப்பாக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. என்னைக் கண்டதும் குதிகாலைச் சேர்த்தார். மூத்த மகள் திருநெல்வேலியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறாள் என்றார். நான் இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குப் பர்னாந்து சாருக்கு உம்ம தழும்பு நெசமாவே தெரிஞ்சுதா?"

சுடலைமுத்து தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அவரு எங்க பாத்தாரு அண்ணாச்சி. குனிஞ்சதுலருந்து கண்ணை இறுக்க மூடிட்டுல்லா இருந்தாரு. மேளச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது. 'திங்கக்கிழமை நேரத்துக்குப் போயிருலே'ன்னு மட்டும் சொன்னாரு."

பேங்குக்கு வந்த வேலையை மறந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நடக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைக்கு எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில், முகம் ஒத்துப் போகாவிட்டால் அங்க அடையாளத்தைச் சரிபார்க்கவும் என்று எழுதியிருக்கிறேன். எப்படி என்று எழுதவில்லை.